கை தூக்கி வாங்கிய குழாய்

நான் சென்னைக்காரன். லாரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். தெரு முனையில் லாரி திரும்பும் சத்தத்தை வைத்தே அது தண்ணீர் லாரியா, மணல் லாரியா என்று சொல்லிவிடும் திறமை எங்கள் தெருவில் எல்லோருக்கும் இருந்தது. என் மனைவி கோயம்புத்தூர்க்காரி. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் சென்னையில் எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல என்னுங்க கலந்திருக்கீங்க?" என்று கேட்டாள். எதுவும் கலக்கவில்லை, எங்கள் ஊரில் இதற்குப் பெயர்தான் தண்ணீர் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகருக்கான சாபம் இருந்தது.

இப்படிப்பட்ட நாங்கள் இருவரும் சேர்ந்து இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் புனேவில் வீடு வாங்கினோம். புனே என்று சொன்னது பில்டர். குடிபோன பிறகுதான் தெரிந்தது, அது புனே இல்லை. ஐ.டி. கம்பெனிகள் இருந்த ஹிஞ்சேவாடிக்கும் அந்தப் பக்கம், கரும்பு வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு கிராமம். ஆபீஸ் கேப் டிரைவர் முதல் நாள் என்னை இறக்கிவிட்டுவிட்டு, "சார், இங்கே நிஜமாகவே வீடு இருக்கிறதா?" என்று ஹிந்தியில் கேட்டார். பில்டர் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் காலனி வாசலில் பெரிய நீரூற்று பீச்சியடித்துக்கொண்டிருந்தது. குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. எல்லோரும் நீரூற்றைப் பார்த்த மயக்கத்தில் அதைக் கேட்கவும் இல்லை.

வரிசை வீடுகள் கொண்ட அந்தக் காலனியில் பாதிக்கு மேல் தமிழர்கள். ஒருவர் வாங்கி, அடுத்தவருக்கு ஈமெயில் போட்டு, அவர் தன் மச்சினனுக்குச் சொல்லி, அப்படியே சேர்ந்த கூட்டம். ஊர்க்காரர்கள் எங்களை 'மத்ராசி காலனி' என்று கூப்பிட்டார்கள். இந்தூர்க்காரர் ஒருவரும், ஒரிசாவின் கட்டாக்கிலிருந்து வந்த குடும்பம் ஒன்றும் அதற்குள் இருந்தார்கள். பாவம், அவர்களும் மத்ராசிகளாகவே வாழ்ந்தார்கள்.

முதல் வருஷம் போர் தண்ணீர் ஓடியது. இரண்டாம் கோடையில் போர் காற்றைத் துப்பியது. அப்புறம் டேங்கர். டேங்கர்க்காரரின் செல்போன் எண் காலனியில் எல்லோருக்கும் குலதெய்வத்தின் பெயர் மாதிரி மனப்பாடம். ஆனால் தெய்வம் போலவே அவரும் கூப்பிட்ட உடனே வரமாட்டார். வந்தால், அந்த வண்டி ஒழுகிக்கொண்டே வரும். வழியில் புழுதி அடங்கி, ஊர்த் தெரு ஜில்லென்று ஆகி, மீதி எங்கள் தொட்டிக்குள் இறங்கும். அதில் சில சமயம் வைக்கோல் மிதக்கும். ஒரு தடவை உயிரோடு ஒரு தவளை வந்தது. "தவளை இருந்தா தண்ணி சுத்தம்னு அர்த்தம்" என்று நான் மனைவியிடம் அறிவியல் பேசினேன். அன்று எனக்குக் காபி கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் ஊருக்குள் குழாய் இருந்தது. பஞ்சாயத்து கட்டிய உயரமான தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் குழாய் போய், மாருதி கோயில் வாசலோடு நின்றுவிட்டது. கோயிலிலிருந்து எங்கள் காலனி கூப்பிடு தூரம். அங்கே ஆரத்தி மணி அடித்தால் எங்கள் சமையலறையில் கேட்கும். மணி வரும், தண்ணீர் வராது.

நாங்கள் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனோம். அங்கே அவரை சர்பஞ்ச் என்பார்கள். டீ கொடுத்தார். உட்காரச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க இன்னைக்கு இங்க இருப்பீங்க. நாளைக்கு வீட்டை வித்துட்டு அமெரிக்கா போயிடுவீங்க. உங்களுக்கு எதுக்கு ஊர்க் குழாய்?" என்று சிரித்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னார். எங்களில் மூன்று பேருக்கு அப்போது உண்மையாகவே விசா விண்ணப்பம் நடந்துகொண்டிருந்ததால், யாராலும் உரக்க மறுத்துப் பேச முடியவில்லை.

ஆகவே எங்கள் நம்பிக்கையெல்லாம் மாநகராட்சி மேல் போய் உட்கார்ந்தது. சுற்றுவட்டார கிராமங்களை ஒவ்வொன்றாகப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊரையும் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு. சேர்த்தால் பெரிய பைப் வரும், தெருவிளக்கு வரும், குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு வரும். பில்டரும் இதையே சொன்னார். சாயங்காலங்களில் மொட்டைமாடியில் கூடி நாங்கள் மாநகராட்சியைப் பற்றிப் பேசும்போது, சிலருக்குக் கண் கலங்கும்.

என் மனைவி மாடிக் கூட்டங்களுக்கு வருவதில்லை. அவள் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுத்துக்கொண்டு, ஊருக்குள் இருந்த அடிபம்புக்குப் போக ஆரம்பித்தாள். அந்த அடிபம்பு சர்பஞ்ச் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. சர்பஞ்சின் மனைவி வாசல் படியில் உட்கார்ந்து வெங்காயமோ பூண்டோ உரித்தபடி, யார் முதலில் அடிப்பது, யார் அப்புறம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஊர்ப் பெண்கள் குடத்தைத் தலையில் வைப்பார்கள். இவள் இடுப்பில் வைத்தாள். முதல் நாள் வரிசையே சிரித்ததாம். மறுநாள் இவள் தலையில் வைத்துப் பார்த்து முழுக்க நனைந்தாள். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்களாம். மூன்றாம் நாளிலிருந்து இவளுக்கு வரிசையில் இடம் போட்டு வைத்தார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. கழுத்தில் கம்பெனி அட்டையோடு நான் கேப்புக்காக நிற்பேன். எதிரே என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தோடு வருவாள். கேப்பில் இருக்கும் சக ஊழியர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பார்கள். "நீ ஏன் போகணும்? டேங்கருக்குச் சொல்லியிருக்கேன் இல்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தவளை இல்லாத தண்ணி வேணுமுங்க" என்றாள்.

ஏப்ரல் கடைசியில் டேங்கர் நான்கு நாள் வரவில்லை. எங்கள் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்து, டாக்டர் தண்ணீர்தான் காரணம் என்று சொன்னார். பாப்பா அப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போக இருந்தாள். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது ஹாலில், கதவுக்குப் பக்கத்தில், எங்கள் பெரிய பெட்டி நின்றுகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த நீலப் பெட்டி.

"ஊருக்கா?" என்றேன், சும்மா.

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வீட்டுக்குத் தண்ணி வரலீன்னா, நானும் பாப்பாவும் எங்க ஊருக்குப் போறமுங்க. அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துப்போடறேன். நீங்க இங்க தவளையோட இருந்துக்கங்க."

குரலில் கோபம் இல்லை. சட்னியில் உப்புக் குறைவு என்று சொல்லும் குரல். நானும் அதை அந்த அளவுக்குத்தான் எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஷூ போடும்போது பெட்டியின் மேல் உட்காருவேன். "ரயில்வே பிளாட்பாரம் மாதிரி சௌகரியமா இருக்கு" என்பேன். வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு அதை 'மிரட்டல் பெட்டி' என்று அறிமுகம் செய்து வைத்தேன். நண்பர்கள் சிரித்தார்கள். அவளும் டீ கொடுத்துக்கொண்டே சிரித்தாள்.

அந்த வாரம்தான் பஞ்சாயத்து ஆபீஸ் கரும்பலகையில் மராத்தியில் ஓர் அறிவிப்பு வந்தது. மகாராஷ்டிர தினமான மே முதல் தேதி காலை பத்து மணிக்கு, மாருதி கோயில் மண்டபத்தில் கிராம சபைக் கூட்டம். மாநகராட்சியில் சேருவது பற்றி முடிவெடுக்கப்படும். இதை முதலில் வந்து சொன்னது என் மனைவி. "பம்புல பேசிக்கிட்டாங்க. எல்லாரும் போகோணுமாமா. நீங்க உங்க மாடிக் கூட்டத்துல சொல்லுங்க" என்றாள்.

மாடிக் கூட்டம் கொதித்தது. எங்கள் தலைவர் போபோடி சார். அவர் முப்பது வருஷம் புனேவின் போபோடி பகுதியில் குடியிருந்து, ஏதோ ஒரு ராணுவ அலுவலகத்தில் கோப்புகளோடு போராடி ஓய்வு பெற்று, மகனோடு எங்கள் காலனிக்கு வந்தவர். காலனியிலேயே மராத்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது எங்கள் எண்ணம். குளிர்காலத்திலேயே எங்களை விரட்டி விரட்டி ஊர் வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிட்டவரும் அவரே. அவரிடம் ஒரே ஒரு பழக்கம். சந்தேகம் வந்தால் கையைத் தூக்குவார். அலுவலகத்தில் அதிகாரிகள் முன் அப்படிப் பழகிவிட்டாராம். மாடிக் கூட்டத்துக்கு அவரே தலைவர். இருந்தாலும் கையைத் தூக்கி, தனக்குத் தானே அனுமதி கொடுத்து, பிறகுதான் சந்தேகம் கேட்பார். வீட்டில் சாப்பிடும்போது ரசத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் கை மேலே போகும் என்று அவர் மருமகள் சொல்வாள்.

"எல்லாரும் ஏக்தம் டைமுக்கு வரணும்" என்றார் அவர். "தீர்மானம் படிப்பான். அப்புறம் சர்பஞ்ச் 'ஹாத் வர் கரா'ன்னு சொல்வான். கையைத் தூக்குங்கன்னு அர்த்தம். அவன் சொன்னான்னு யாரும் தூக்கப்படாது. அது எதிர்த் தீர்மானமாவும் இருக்கலாம். நம்ம ஆளுங்களுக்கு மராட்டி தெரியாது. அதனால நான் தூக்கினாத்தான் தூக்கணும். நான் தூக்கலேன்னா கம்முனு இருக்கணும். சமஜ்லா?"

சமஜ்லா, புரிந்தது என்றோம். ஒத்திகையும் நடந்தது. அவர் கையைத் தூக்குவார், நாங்கள் தூக்குவோம். முழங்கை மடங்கினால் திட்டுவார். பாதி கை கணக்கில் வராதாம். இந்தூர்க்காரர் இடது கையைத் தூக்கியதற்காகத் தனியாக நான்கு தடவை தூக்க வைத்தார். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், நாங்கள் ஏதோ யோகா செய்கிறோம் என்று நினைத்து, எத்தனை மணிக்கு வகுப்பு என்று கேட்டாள்.

இந்த இடத்தில் அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிராம சபை நடக்க இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அத்தனை பேர் வராவிட்டால் கூட்டத்தை ஒத்திவைப்பார்கள். ஒத்திவைத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. எத்தனை பேர் வந்தாலும் நடத்தலாம். ஆகவே அந்த ஊரில் முதல் கூட்டத்துக்கு ஒருவரும் போகமாட்டார்கள். போவது அசட்டுத்தனம். பஞ்சாயத்துச் செயலர் மட்டும் வந்து, காலி மண்டபத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, 'கூட்டம் சேரவில்லை' என்று எழுதிவிட்டுப் போவார். உண்மையான சண்டை, ஜீப்பில் ஆள் ஏற்றி வருவது, மைக்கைப் பிடுங்குவது எல்லாம் அடுத்த வாரம், இரண்டாம் கூட்டத்தில்தான். இது அந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. அறிவிப்பில் பத்து மணி என்று போட்டிருந்தால் பத்து மணிக்கு முன்னால் போய் நிற்கும் ஜாதி நாங்கள்.

மே முதல் தேதி காலை மண்டபத்துக்குள் நாங்கள் மொத்தமாக நுழைந்தபோது, செயலர் கண்ணாடிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எங்கள் கையில் குடை, தொப்பி, தண்ணீர் பாட்டில், ஆங்கில நாளிதழ். கட்டாக் குடும்பம் பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்திருந்தது. செயலர் எங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பணிக்காலத்தில் முதல் நாள் கூட்டம் நடத்திய அனுபவமே அவருக்கு இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

ஆனால் சர்பஞ்ச் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, தன் ஆட்கள் ஒரு வரிசையோடு நேரத்துக்கு வந்து சேர்ந்தார். அது எவ்வளவு பெரிய அதிசயம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடமை உணர்ச்சி உள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். முழங்கால் வலி என்பதால் போபோடி சாருக்கு மட்டும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் எல்லோருக்கும் அவர் கை தெரிவதற்கும் அது வசதி. என் மனைவி பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, சர்பஞ்சின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாப்பாவின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சாயத்து நடவடிக்கைகளில் அவளுக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது.

செயலர் மராத்தியில் தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்தார். நீளமாகப் போனது. நடுவில் வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. மாநகராட்சியில் சேரலாம் என்று சொல்லும், சர்பஞ்சின் எதிர்க்கோஷ்டி ஆள் ஒருவர். நிலத்தை நல்ல விலைக்கு விற்க மாநகராட்சி வரட்டும் என்று காத்திருந்த கோஷ்டி அது. அவர் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். கூட்டத்தைக் கண்டதும் அவர் வாய் திறந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு, ஆள் திரட்ட ஊருக்குள் பறந்தார். வண்டி போன புழுதி மண்டபத்துக்குள் வந்தது.

சர்பஞ்ச் எழுந்தார். என் மனைவியும் எழுந்தாள். டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்ப் போபோடி சாரிடம் கொடுத்தாள். குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். வெயிலில் பெரியவருக்குத் தாகமாக இருக்கும் என்று நினைத்த அவள் மனசை எண்ணி, எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் தண்ணீரைக் குடித்தார். தலையை ஆட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஹாத் வர் கரா!" என்றார் சர்பஞ்ச்.

போபோடி சாரின் கை விசுக்கென்று மேலே போனது.

ஒத்திகை வீண்போகவில்லை. ஒரே நொடியில் மத்ராசி காலனி முழுக்கக் கை தூக்கியது. முழங்கை மடங்காமல், விரல் விறைத்து, எல்லாம் வலது கை. இந்தூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். பெண்கள் பக்கமும் வளையல் சத்தம் கேட்டது. என் மனைவியின் கை மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே மேலே இருந்ததாக எனக்கு ஞாபகம்.

"மஞ்சூர்!" என்று சர்பஞ்ச் மேசையைத் தட்டினார். நிறைவேறியது என்று அர்த்தம். அவர் ஆட்கள் கைதட்டினார்கள். டீ வந்துவிட்டது.

"ஏக் மினிட், சாஹேப்" என்றார் போபோடி சார். கை இன்னும் கீழே இறங்கவில்லை. "சொத்து வரி பத்தி எனக்கு ஒரு சந்தேகம்..."

நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தோம். தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல், சிலர் அப்படியே தலையைச் சொறிந்துகொண்டார்கள். நிறைவேறிய தீர்மானம் இதுதான்: இந்த ஊர் மாநகராட்சியில் சேராது, பஞ்சாயத்தாகவே இருக்கும். எதிர்க்கோஷ்டி இரண்டு ஜீப் நிறைய ஆளோடு வந்து இறங்கியபோது, ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மாடிக் கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போபோடி சார் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மருமகள் சொல்லி அனுப்பினாள். "நம்ம கையாலேயே நம்ம கண்ணைக் குத்திக்கிட்டோம்" என்று ஒருவர் சொன்னார். வீட்டை விற்றுவிடலாமா என்று இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். போபோடி சாரை, சர்பஞ்சை, பில்டரை, எல்லோரையும் திட்டினேன். அவள் பாப்பாவுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனது ஆச்சு. விடுங்க" என்றாள். "பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் நாள் இருக்குதல்லங்க."

குரலில் அதே சாந்தம். கோபப்பட்டால் சமாதானம் செய்யலாம். நாள் எண்ணுகிறவளிடம் என்ன பேசுவது? அன்றிலிருந்து நான் ஷூ போடுவதற்கு வேறு இடம் பார்த்துக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மாருதி கோயிலிலிருந்து எங்கள் காலனி நோக்கி ஒரு பள்ளம் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நீலக் குழாய்கள் அடுக்கியிருந்தார்கள். சர்பஞ்ச் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உயரத் தூக்கினார். முழங்கை மடங்காமல், எங்களை மாதிரியே. "எங்க ஊர் ஆளுங்க ஆச்சே நீங்க!" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார்.

காலனியில் செய்தி பரவியதும் போபோடி சாருக்கு உடம்பு சரியாகிவிட்டது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். "நான் யோசிக்காமலா தூக்கினேன்? அரே பாபா, முப்பது வருஷம் இந்த ஆளுங்களோட பழகியிருக்கேன். நாம ஒரு கை குடுத்தா அவன் ஒரு கை குடுப்பான்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அப்போதும் யாரோ சொத்து வரியைப் பற்றி ஏதோ கேட்க, அவர் கை தானாக மேலே போனது. நாங்கள் எல்லோரும் பதறி எங்கள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டோம். அவருக்குச் சால்வை போர்த்துவது என்று முடிவானது. போர்த்தினோம். எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியது என் மனைவி.

பள்ளிக்கூடம் திறக்க நான்கைந்து நாள் இருக்கும்போது குழாய் வேலை முடிந்தது. குழாயைத் திறக்கச் சர்பஞ்ச் மனைவியோடு வந்தார். அன்றைக்கென்று மழைக்காலத்தின் முதல் மழை. குடையைப் பிடித்துக்கொண்டு தேங்காய் உடைத்தார்கள். மேலே இருந்து தண்ணீர் கொட்ட, குழாய் இரண்டு தடவை இருமி, செம்மண் துப்பி, பிறகு தெளிவாகக் கொட்டியது. தவளை இல்லை. நாங்கள் மழையில் நனைந்துகொண்டே குழாய்த் தண்ணீருக்குக் கைதட்டினோம்.

பிறகு சர்பஞ்சின் மனைவி எங்கள் வீட்டுக்குள் வந்தார். என் மனைவி அவருக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்தாள். அவர் மராத்தியில் ஏதோ கேட்டார். என் மனைவி மராத்தியில் பதில் சொன்னாள். அவர் ஏதோ சொல்லிச் சிரிக்க, இவள் அதைவிட வேகமாக ஏதோ சொல்லி, இருவரும் ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் காபித் தட்டோடு நின்றேன். காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டி விலை கேட்கிறவள் என்று நான் நம்பியிருந்த என் மனைவி, செயலரைவிட வேகமாக மராத்தி பேசிக்கொண்டிருந்தாள்.

சர்பஞ்சின் மனைவிக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்காக ஹிந்திக்கு மாறினார். "உங்க வீட்டம்மா சொன்ன மாதிரியே முதல் கூட்டத்துக்கே எல்லாரையும் கொண்டுவந்து உட்கார வச்சாங்க. கையும் தூக்க வச்சாங்க. நாங்களும் சொன்ன மாதிரியே குழாய் போட்டுட்டோம். கணக்கு சரியாப்போச்சு" என்றார்.

அவர்கள் போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"போபோடி சார் காதுல அன்னைக்கு என்ன சொன்ன?"

"வெயிலுக்குத் தண்ணி குடிங்கன்னேன்."

"அப்புறம்?"

"வரி ஏறுமா ஏறாதான்னு ஏதாச்சும் சந்தேகம் இருந்தா இப்பவே கையத் தூக்கிக் கேட்டுப்போடுங்க, அப்பறம் கேக்க விடமாட்டாங்கன்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைப்பது போல வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நாமெல்லாம் மாநகராட்சி வரணும்னு எவ்வளவு..."

"பக்கத்து ஊரு சேந்து எத்தன வருசமாச்சு? வரிக் காகிதம் மொத மாசமே வந்துருச்சாமா. தண்ணிதான் இன்னைக்கு வரைக்கும் வரலீங்க. அந்த ஊருப் பொம்பளைங்க நம்ம பம்புக்குத்தான் குடம் தூக்கிட்டு வர்றாங்க. நீங்க மாடியில ஒக்காந்து பேசுனீங்க. நான் பம்புல நின்னு கேட்டேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீங்க எல்லாருக்கும் மெயில் போட்டுருவீங்க. அதப் பத்திப் பேச மூணு கூட்டம் போடுவீங்க. அதுக்குள்ள ரெண்டாங் கூட்டம் வந்துரும்."

காலிக் காபி டம்ளர்களை எடுத்துத் தட்டில் வைத்தேன். அந்தத் தீர்மானம் அரசாங்கத்தை எவ்வளவு தூரம் தடுத்தது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இருந்தவரை எங்கள் ஊர் பஞ்சாயத்தாகவே இருந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. போபோடி சார் கடைசிவரை அந்தச் சால்வையை எல்லாக் கூட்டத்துக்கும் போர்த்திக்கொண்டு வந்தார். என் மனைவி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை.

அன்று, தண்ணீர் வந்த மகிழ்ச்சியில், நான் ஹாலில் நின்ற நீலப் பெட்டியைப் பரணில் போடப் போனேன். மிரட்டல் பெட்டிதானே, சும்மா வெத்துப் பெட்டி என்று ஒரு கையால் தூக்கினேன். அசையவில்லை. இரண்டு கையால் தூக்கினேன். தோள்பட்டை இழுத்தது.

கீழே வைத்துத் திறந்தேன். அவளுடைய புடவைகள். பாப்பாவின் பாவாடைகள், மருந்து, கதைப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை. ஒரு பக்கமாகப் பாப்பாவின் பொம்மை படுத்திருந்தது. அது எங்கே தொலைந்தது என்று நான் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். புனே குளிருக்கு வாங்கிய பாப்பாவின் ஸ்வெட்டர்கள் மட்டும் அதில் இல்லை. கோயம்புத்தூரில் அவை எதற்கு?

இதன் மேல் உட்கார்ந்து ஷூ போட்டதும், நண்பர்களைக் கூட்டிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. நடக்காமல் போன ஒன்றை நினைத்து வந்த பயம்.

அவள் சமையலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, தேவையில்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை மூடினேன். நாற்காலி போட்டு ஏறி, மூச்சுப் பிடித்துத் தூக்கிப் பரணில் வைத்தேன். சுவர் வரைக்கும் தள்ளினேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கை ஈரத்தோடு வந்து நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

"ரொம்ப உள்ள தள்ளாதீங்க" என்றாள். "எட்டற மாதிரி வைங்க."